தட்டாமல் மூட மாட்டேன்

அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் சாவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் இடுப்பில் சாவிக்கொத்து எதுவும் தொங்கவில்லை. தன் வீட்டுச் சாவியையே அடிக்கடி தொலைத்துவிட்டு, மாடியில் இருக்கும் அண்ணன் வீட்டு வாசலில் போய் அசடு வழிந்துகொண்டு நிற்கிற ஆள் அவள். ஆனால் அந்த நிறுவனத்தின் முந்நூறு சொச்சம் ஊழியர்கள் காலையில் அவரவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலோ கட்டில் ஓரத்திலோ கணினியைத் திறந்து, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அலுவலகக் கணினிக்குள் நுழைய வேண்டுமென்றால், அதற்கு அவள் மனசு வைக்க வேண்டும். யார் உள்ளே வரலாம், எதுவரை இருக்கலாம், எந்தக் கோப்பைத் தொடலாம், யாருக்கு பிரிண்டர் உண்டு, யாருக்கு காப்பி பேஸ்ட் கிடையாது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அவள் ஒரே திரையில் உட்கார்ந்து வைக்கிற வைப்புதான். அந்தத் திரையில் ஆளுக்கு ஒரு புள்ளி. உள்ளே இருந்தால் பச்சை. வெளியே போய்விட்டால் சாம்பல்.

எதிர் நாற்காலியில் அதே வேலையைச் செய்தவருக்கு நிதானம் என்று பட்டப்பெயர். அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் ஒரு மாற்றத்தைப் போட்டால் மற்றவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஆளைச் சேர்ப்பதானாலும் சரி, வெளியே தள்ளுவதானாலும் சரி, இரண்டு கை பட்டால்தான் செல்லும். சாவியக்கா கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுவாள். நிதானம் ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்துப் படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதற்குள் அவள் கீழே போய் டீ குடித்துவிட்டு, டீக்கடைக்காரரின் குடும்பக் கதையையும் கேட்டுவிட்டு வந்துவிடலாம்.

இவர்கள் இருவருக்கும் மேலே போன வருஷம் ஒரு புது இயக்குநர் வந்து சேர்ந்தார். அவருக்கு வாயைத் திறந்தால் ஒரே வார்த்தைதான். "உடனே அனுப்புங்க. உடனே மாத்துங்க. உடனே வேணும்." வந்த வாரத்திலேயே அவர் பெயரே 'உடனே' என்று ஆகிவிட்டது. எந்த அறைக்குள்ளும் கதவைத் தட்டிவிட்டு வரும் பழக்கம் அவருக்குக் கிடையாது. தட்டுவதற்கு ஆகும் நேரம் வீண் என்று நினைத்தாரோ என்னவோ.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று சாவியக்காவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. யாரையாவது வேலையை விட்டு அனுப்புவதென்றால், முதலில் அவளுக்குத்தான் தகவல் வரும். அவள் அந்த ஆளின் கதவை, அதாவது கணினிக்குள் நுழையும் வழியை, மூட வேண்டும். கடிதம் அப்புறம்தான் போகும். முன்கூட்டிச் சொன்னால் கோபத்தில் கோப்பு எதையாவது அழித்துவிடுவார்களாம். ஆக, வேலை போனவருக்கு அது தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். பாதி வரியில் திரை இருட்டாகும். அவர்கள் பதறிப்போய் வேறு யாரையும் கூப்பிட மாட்டார்கள், அவளைத்தான் கூப்பிடுவார்கள். "அக்கா, என்னன்னு தெரியல, உள்ள போக முடியல. கொஞ்சம் பாருங்களேன்." அதற்கு அவள் சொல்ல வேண்டிய பதிலையும் உடனேவே எழுதிக் கொடுத்திருந்தார். "நெட் பிரச்சினையா இருக்கும். பார்க்கிறேன்."

அந்தப் பதிலைக் கடைசியாகக் கேட்டவள் அண்ணியின் தோழி.

அண்ணி என்றால் மாடி வீட்டு அண்ணனின் மனைவி. அதே நிறுவனத்தில் படிப்புப் பிரிவில் இருந்தாள். பெரிய கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டுக்கொள்ளும் ஒப்பந்தங்களை வரி விடாமல் படித்து, எங்கே பொறி வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்லும் பிரிவு அது. சாவியக்காவுக்கு இந்த வேலை கிடைத்ததே அண்ணி சொல்லித்தான். தோழியின் திரை இருண்ட அன்று சாயங்காலம் அண்ணி படியிறங்கி வந்தாள்.

"அவ உனக்குப் போன் பண்ணப்ப உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சும் நெட் பிரச்சினைன்னு சொன்னே. பாவம், அவ ராத்திரி வரைக்கும் வயரைக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தா."

அதன்பிறகு அண்ணி அவளோடு பேசவில்லை. அண்ணன்தான் தபால்காரன் ஆனான். "உங்க அண்ணி அந்தப் பெரிய பாத்திரத்தைக் கேட்டா." "உங்க அண்ணி மோட்டார் போடச் சொன்னா." நடுவில் ஒரு மாடிப்படிதான். பேச்சு அந்தப் படியைத் தாண்டவில்லை. சாவியக்காவுக்கு அண்ணி மீது கோபம் வரவில்லை. வந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் காலை அந்தத் தகவல் வந்தது. படிப்புப் பிரிவில் எட்டுப் பேர். மதியம் மூன்று மணிக்கு எட்டுக் கதவையும் மூட வேண்டும். யாருக்கும் மூச்சு விடக்கூடாது. மூன்றாவதாக இருந்த பெயர் அண்ணியுடையது.

அவள் அந்தப் பெயரை மறுபடி மறுபடி படித்தாள். பிறகு உடனேவுக்குப் போன் போட்டாள்.

"சார், இந்த எட்டுப் பேரும் என்ன தப்பு பண்ணாங்க?"

"அசைவு இல்லம்மா. கணக்கைப் பாருங்க. மவுஸ் நகரல, கீ தட்டல. பாதி நேரம் சும்மாவே இருக்காங்க."

"அவங்க படிக்கிறாங்க சார். படிக்கிறவங்க மவுஸை எதுக்கு ஆட்டணும்?"

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். மூணு மணிக்கு முடிச்சுட்டு உடனே சொல்லுங்க."

போன் வைக்கப்பட்டது. அசைவுக் கணக்கின் லட்சணம் அவளுக்குத் தெரியாததா? போன மாதம் அசைவில் முதலிடம் பிடித்துச் சான்றிதழ் வாங்கியவர், வீட்டில் டேபிள் ஃபேனின் கழுத்தில் மவுஸைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஃபேன் இடமும் வலமும் திரும்பிக்கொண்டிருக்கும், அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அண்ணியோ மோவாயில் கையை ஊன்றிக்கொண்டு ஒரே பக்கத்தை முறைத்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் குக்கர் விசில் அடித்தாலும் திரும்ப மாட்டாள். கடைசியில் ஒரே ஒரு வரியைச் சிவப்பாக்குவாள். அந்த ஒரு வரி ஒரு கம்பெனியையே காப்பாற்றியிருக்கும். உடனேவின் கணக்கில் அது ஒரு அசைவு.

சாவியக்கா கைபேசியை எடுத்தாள். அண்ணியின் எண் மேலேயே இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். விரல் அந்தப் பெயர்மேல் போய் நின்றது. அப்புறம் மற்ற ஏழு பேர்? அவர்களுக்கு மாடிப்படிக்குக் கீழே நாத்தனார் கிடையாதே. அவர்கள் மறுபடி போன் பண்ணி "அக்கா, கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்டால், மறுபடி அதே பொய்யைச் சொல்வதா? தன் வீட்டு ஆளுக்கு மட்டும் திருட்டுத்தனமாகக் காதில் ஓதுவதை நினைத்தபோதே அவளுக்கு நாக்கு கசந்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"மாட்டேன்," என்றாள் வாய்விட்டு.

நிதானம் தலையை நிமிர்த்தினார். "என்ன மாட்டீங்க?"

"இனிமே யார் கதவையும் தட்டாம மூட மாட்டேன்."

அவள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். திரையில் என்ன அறிவிப்பு போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று வைப்பது முதல் நாளிலிருந்தே அவள் பொறுப்பு. அதற்கு மேலிடத்தில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, நிதானத்தின் ஒப்புதல் போதும். எல்லா ஊழியர்களுக்கும் சேர்த்துப் புதிதாக ஒரு விதி எழுதினாள். யாருடைய கதவை மூடுவதானாலும், மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அந்த ஆளின் திரையில் ஓர் அறிவிப்பு வரும். உங்கள் கதவு இத்தனை மணிக்கு மூடப்படும். மூடச் சொன்னவர் இன்னார். காரணம் இது. கேட்க வேண்டியதை இந்த எண்ணில் கேளுங்கள்.

போட்டுவிட்டு நிதானத்தைப் பார்த்தாள். அவர் தன் பக்கத்துத் திரையில் அதைத் திறந்து, விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். அவள் அன்றைக்கு டீ குடிக்கப் போகவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார்.

"ஒரு சந்தேகம்," என்றார்.

"கேளுங்க." அவள் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றாள்.

"இந்தக் காரணம்கிற கட்டம். அதைக் காலியா விட்டாலும் போகுமா?"

"போகும்னுதான் நினைக்கிறேன்."

"அது கூடாது. காரணம் எழுதாம நகராதுன்னு வச்சிடுங்க. இல்லேன்னா அந்த மனுஷன் ஒரு புள்ளி வச்சிட்டுப் போயிடுவாரு."

இத்தனை வருஷமாக எதிரே உட்கார்ந்திருந்தவரிடமிருந்து இப்படி ஒரு வாக்கியம் வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கட்டத்தைக் கட்டாயமாக்கினாள். அவர் மறுபடி முதலிலிருந்து படித்துவிட்டு ஒப்புதல் கொடுத்தார்.

பிறகு எட்டுப் பெயரையும் உள்ளே போட்டு, காரணத்தை எழுதும்படி உடனேவுக்கே அனுப்பிவைத்தாள். பதிலாக ஆளே வந்துவிட்டார். வழக்கம்போலக் கதவு படாரென்று சுவரில் மோதியது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னம்மா இது? காரணம் எழுதாம நகர மாட்டேங்குது?"

"ஆமா சார். எழுதினா நகரும்."

"எதுக்கு எழுதணும்? மூடச் சொன்னா மூட வேண்டியதுதானே உங்க வேலை?"

"மூடறது என் வேலை. யாரு, எதுக்கு மூடச் சொன்னாங்கன்னு மூடப்படுறவங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான் கேக்கறேன். அசைவு இல்லைன்னு எங்கிட்ட சொன்னீங்களே, அதையே எழுதுங்க. கூச்சமா இருக்கா?"

"உங்க அண்ணி அதுல இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? வீட்டு விவகாரத்தை ஆபீஸ்ல கொண்டு வராதீங்க."

அது சுருக்கென்று தைத்தது. ஆனால் அவள் குரல் இறங்கவில்லை.

"அண்ணிக்கு மட்டும்னா ஒரு போன்ல முடிச்சிருப்பேன் சார், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்படிப் பண்ணல. பண்ணவும் மாட்டேன். எட்டுப் பேருக்கும் எழுதுங்க, எட்டுப் பேருக்கும் ஒரு மணி நேரம் கொடுங்க, நானே மூடறேன். எழுத முடியாதுன்னா ஒரு கதவும் மூடாது."

"இந்த விதியை எடுங்க. உடனே."

"எடுக்க மாட்டேன்."

உடனே ஒருமுறை அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். பிறகு நிதானத்தின் பக்கம் திரும்பினார்.

"நீங்க. இவங்க கதவை மூடுங்க. இப்பவே."

நிதானம் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டார். "போடறேன் சார். ஒப்புதல் மட்டும் அவங்க தரணும்."

"யார் தரணும்?"

"ஒருத்தர் போட்டா இன்னொருத்தர் ஒப்புதல் தரணும்கிறது இங்க வழக்கம் சார். நான் போட்டா அவங்க. வேற ஆள் இல்லை."

உடனே பல்லைக் கடித்தார். சாவியக்கா மறுப்பாள், அதை வைத்தே அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ. ஆனால் அவள் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"போடுங்க. காரணம் சரியா இருந்தா நான் ஒப்புதல் தரேன்."

நிதானம் அவள் பெயரைத் தேடி எடுத்தார். கட்டம் வந்து நின்றது. "காரணம் சார்?"

உடனேவுக்கு இருந்த கோபத்தில் யோசிக்க எங்கே நேரம்? நிதானத்தைத் தள்ளிவிட்டுத் தானே குனிந்து தட்டினார். *எட்டுப் பேரின் வேலையை அவர்களுக்குச் சொல்லாமல் நிறுத்தும்படி உத்தரவிட்டேன். சொல்லாமல் செய்ய முடியாது என்று மறுத்தார்.*

நிதானம் அதை விரல் வைத்துப் படித்தார். "அறிவிப்பு யாருக்குப் போகணும் சார்? இவங்களுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும் போகட்டும். என்னை எதிர்த்துப் பேசினா என்ன ஆகும்னு ஒவ்வொருத்தனும் தெரிஞ்சுக்கட்டும்."

"எல்லாருக்குமா சார்? ஆபீஸ் முழுக்கவா?" நிதானம் இதைத் தன் பாணியில், ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டுக் கேட்டார். "ஒருதடவை படிச்சுப் பாத்துடுங்களேன்."

"படிக்கறதுக்கெல்லாம் நேரமில்லை. உடனே அனுப்புங்க!"

சாவியக்காவின் திரையில் அது வந்தது. அவள் தன் வேலை போகிற செய்தியை நிதானமாக, ஆமாம், நிதானத்தைப் போலவே விரல் வைத்துப் படித்தாள். வீட்டு வாடகை, மகளின் படிப்பு எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போயின. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு வரியில் ஒரு வார்த்தை பொய் இல்லை. இந்த அறையிலிருந்து வெளியே போன மூடல்களிலேயே உண்மைக் காரணம் எழுதியது இது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது, அந்தப் பெருமை பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க சார்," என்று சொல்லிவிட்டு ஒப்புதலை அழுத்தினாள்.

உடனே கதவை அறைந்துவிட்டுப் போனார். முந்நூறு திரைகளிலும் அறிவிப்பு விழுந்தது. அவள் கதவு மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, அவள் போட்ட விதிப்படி.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் மேசை இழுப்பறையிலிருந்து தன் சீப்பையும் தலைவலி மாத்திரையையும் எடுத்துப் பையில் போட்டாள். மகள் வரைந்து கொடுத்த படத்தைச் சுவரிலிருந்து உரித்தாள்.

"இங்க பாருங்க," என்றார் நிதானம்.

படிப்புப் பிரிவில் ஒரு புள்ளி சாம்பலாகியிருந்தது. அவள் குனிந்து பெயரைப் பார்த்தாள். அண்ணி. ஒரு பக்கத்தைப் பாதியில் விட்டு எழுந்தே பழக்கமில்லாத அண்ணி. அவளை யாரும் மூடவில்லை. தானாக வெளியே போயிருந்தாள்.

அடுத்து அந்தப் பிரிவில் இன்னொன்று. பிறகு ஒரே நேரத்தில் மூன்று. தட்டச்சுப் பிரிவில், கணக்குப் பிரிவில், பெயர் மட்டுமே தெரிந்த, முகமே பார்த்திராத ஆட்களின் புள்ளிகள். ஒரு காலத்தில் அவளுக்குப் போன் பண்ணி "உள்ள போக முடியல" என்று கேட்டு, நெட் பிரச்சினை என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு போனவர்களுக்கு இங்கே நண்பர்கள் இருந்தார்கள், தம்பி தங்கைகள் இருந்தார்கள். அது நெட் பிரச்சினை இல்லை என்று இன்றைக்குத்தான் உடனேவே தன் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். பச்சை மளமளவென்று வடிந்தது. அசைவில் முதலிடம் பிடித்தவரின் புள்ளி கூடப் போய்விட்டது. அந்த டேபிள் ஃபேனுக்கு இன்றைக்காவது ஓய்வு கிடைத்தது என்று அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

கவிழ்த்து வைத்திருந்த கைபேசி அடித்தது. அண்ணனின் தபால் இல்லை, அண்ணியே.

"என்ன, உன் கதவை மூடச் சொல்லிட்டானாமே அந்த ஆளு?"

"மூடச் சொன்னாரு அண்ணி. ஒப்புதல் நான்தான் கொடுத்தேன்."

"கிறுக்கி," என்றாள் அண்ணி. அதில் ஒரு மாதத்துப் பேச்சும் இருந்தது. "எட்டுப் பேர்ல நானும் ஒருத்தியா?"

"ஆமா அண்ணி."

"எங்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?"

"உங்களுக்கு மட்டும் சொல்லியிருந்தா, அப்புறம் நீங்களே எங்கூடப் பேசியிருக்க மாட்டீங்க."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சாயங்காலம் போக வேண்டிய ஒப்பந்தம் பாதியில நிக்குது. பெரிய இடத்துது. யார் படிப்பான்னு பாக்கறேன். நீ சீக்கிரம் வா, சாவியைத் தொலைச்சிருந்தாலும் பரவாயில்லை, நேரா மேல வந்துடு."

அவள் கைபேசியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபோது முந்நூறு சாம்பல் புள்ளிகளுக்கு நடுவே மூன்று பச்சை இருந்தன. ஒன்று அவளுடையது. ஒன்று நிதானத்தினுடையது. மூன்றாவது உடனேவினுடையது, தனியாக மேல் மூலையில் மினுக்கிக்கொண்டிருந்தது.

வெளியே வராந்தாவில் செருப்புச் சத்தம் ஓட்டமாக வந்தது. இத்தனை வருஷத்தில் நிதானம் வேகமாக எழுந்து அவள் பார்த்ததே இல்லை. இப்போது ஒரே தாவலில் கதவருகே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

கதவின் கைப்பிடி திரும்பியது. திறக்கவில்லை. மறுபடி திரும்பியது. கதவில் பதித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உடனேவின் முகம் வியர்த்துப்போய்த் தெரிந்தது.

"எல்லாரும் போயிட்டாங்கம்மா! சாயங்காலம் ஒப்பந்தம் போகணும். எல்லாரையும் உள்ள கொண்டு வாங்க, உடனே!"

"அவங்க கதவெல்லாம் திறந்துதான் சார் இருக்கு," என்று அவள் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "நான் யாரையும் மூடல. வர்றதும் வராததும் அவங்க இஷ்டம்."

அதன்பிறகு, அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டிராத ஒரு சத்தம் கேட்டது. உடனே கதவைத் தட்டினார். மெல்ல, இரண்டு விரலால்.

சாவியக்கா மகளின் படத்தை மறுபடி சுவரில் ஒட்டினாள். ஓரம் மடங்கியிருந்ததை நகத்தால் நீவிவிட்டாள். பிறகுதான் திரும்பினாள்.

"சொல்லுங்க சார்," என்றாள். "எதுக்குத் திறக்கணும்? காரணம் சொல்லுங்க."